மடக்கிய முஷ்டி

ஆங்கிலத்தில் 'பக்னேஷியஸ்' என்றொரு பெயரடை உண்டு. பள்ளிப் பிள்ளை அகராதியைப் புரட்டினால், 'சண்டையிடும் இயல்புள்ள' என்று இரண்டு சொற்களில் பொருள் கிடைத்துவிடும். பிள்ளையும் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். ஆனால் சில சொற்கள் அகராதியை விட்டு வெளியேறி மனிதர்மீது ஒட்டிக்கொள்ளும்போதுதான் அவை செய்யும் வேலை முழுமையாகத் தெரிகிறது. ஒருவரைச் சுட்டி இச்சொல்லைச் சொல்லும்போது நாம் உண்மையில் என்ன சொல்கிறோம்? அவர் சண்டையிட்டார் என்றா? அவர் சண்டையிட்டது தவறு என்றா? அல்லது, அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்றா? மூன்றும் வெவ்வேறு செய்திகள். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும் வசதி இச்சொல்லுக்கு இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. 'புக்னுஸ்' என்றால் மடக்கிய கை, அதாவது முஷ்டி. முஷ்டியிலிருந்து போரிடுதலைக் குறிக்கும் வினை பிறந்தது. அவ்வினையிலிருந்து போரை நாடும் இயல்பைக் குறிக்கும் சொல் பிறந்தது. அதனைப் பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. குத்துச்சண்டை வீரருக்கு ஆங்கிலத்தில் வழங்கிய 'பியூஜிலிஸ்ட்' என்னும் பழம்பெயரும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். ஆயினும் பியூஜிலிஸ்ட் என்பது தொழில். பக்னேஷியஸ் என்பது தபீஅத், கூடப்பிறந்த சுபாவம். தொழிலுக்கு மணி அடித்தால் தொடக்கம், மறுபடி அடித்தால் முடிவு. சுபாவத்துக்கு மணி கிடையாது.

ஆதலால் முப்பது ஆண்டுகள் போர்முனையில் நின்ற படைவீரர் ஒருவருக்கு இச்சொல் பொருந்தாமல் போகலாம். வாழ்நாளில் ஒருவரையும் கைநீட்டி அடித்திராத குமாஸ்தாவுக்கு அச்சாகப் பொருந்தலாம். ஆங்கில நாவலாசிரியர்கள் சிலருடைய தாடைக்கும் புருவத்துக்கும்கூட இந்த அடைமொழியைச் சூட்டிவிடுவார்கள். அந்தத் தாடை யாரையும் அடித்ததில்லை. அடிக்கத் தேடிக்கொண்டிருக்கிறது என்பது குறிப்பு.

இதன் உறவுச் சொற்களும் பல. 'பெலிகோஸ்' என்பது போர் வேட்கை. பெரும்பாலும் நாடுகளுக்கும் மேடைப் பேச்சுக்களுக்கும் ஆகிவருவது. 'ட்ரக்குலன்ட்' என்பதில் முறைப்பும் முரட்டுத்தனமும் கலந்திருக்கும். தமிழில் நமக்கு இவற்றைவிடத் தெளிவான சொல் ஒன்று உண்டு: வலுச்சண்டை. வந்த சண்டையை விடாதே, வலுச்சண்டைக்குப் போகாதே என்று நம் பாட்டிமார் சொல்லும் பழமொழியில் முழு இலக்கணமும் அடங்கிவிட்டது போலத் தோன்றும். ஆனால் 'போர்க்குணம்' என்று எழுதினால் கதை மாறிவிடுகிறது. தொழிற்சங்க ஏடுகளில் அது புகழ்ச்சிச் சொல். அதே மனிதரின் அதே செயலை ஆலை முதலாளியின் அறிக்கை வேறொரு சொல்லால் குறிக்கும். சொல்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை, சொல்லப்படுபவரைக் காட்டிலும் இச்சொற்கள் தெளிவாகக் காட்டிவிடுகின்றன.

தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸல் 1948-ஆம் ஆண்டில் பி.பி.சி. வானொலியில் இதை வேடிக்கையாக விளக்கினார். இலக்கணத்தில் வினைச்சொல்லைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மாற்றிக் காட்டுவதுபோல், ஒரே குணத்தை மூன்று இடங்களுக்கும் மாற்றிக் காட்டினார். தன்னைப் பற்றிச் சொல்லும்போது அது உறுதியாக இருக்கிறது; எதிரே இருப்பவரைச் சொல்லும்போது பிடிவாதமாகிவிடுகிறது; அங்கே இல்லாதவரைச் சொல்லும்போது மடமையாகவே ஆகிவிடுகிறது. 'நான் சண்டைக்குணம் உள்ளவன்' என்று தன்மையில் சொல்பவர் மிக அரியர். அப்படிச் சொன்னாலும் அதில் ஒரு பெருமிதம் ஒளிந்திருக்கும்.

இச்சொற்குடும்பத்தில் ஒன்றுக்கு மட்டும் சட்டத்தில் கௌரவமான இருக்கை கிடைத்திருக்கிறது. அது 'பெலிஜரன்ட்'. இரு இலத்தீன் சொற்கள் சேர்ந்து 'போர் நடத்துபவர்' என்னும் பொருளைத் தருகின்றன. வீட்டுப் பேச்சில் இது வசைச் சொல். சர்வதேசச் சட்டத்தில் இதில் வசை ஏதும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் 1861 மே 13-ஆம் நாள் விக்டோரியா மகாராணியார் நடுநிலைப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார். அதன் மூலம் பிரிந்துபோன தென் மாநிலங்கள் போர்த்தரப்பாக ஏற்கப்பட்டன. வாஷிங்டன் அரசாங்கத்துக்கு அதனால் கடும் கோபம். கலகக்காரர்கள் என்று தாம் சொல்பவர்களைப் போரிடும் தரப்பு என்று இன்னொரு நாடு அழைப்பதா என்பது அவர்கள் வாதம். போரிடுபவர் என்று பெயர் பெறுவது அங்கே ஓர் ஏற்றம்! 1907-ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் இந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பதை வரையறுத்தன. பொறுப்பேற்கும் தலைவர் ஒருவர் இருக்க வேண்டும். தொலைவிலிருந்தே தெரியும் அடையாளம் வேண்டும். ஆயுதத்தை மறைக்காமல் ஏந்த வேண்டும். போர் முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். ஆயுதத்தைக் கீழே போட்டுச் சரணடைந்தவரைக் கொல்லலாகாது என்றும் அதே விதிகள் கூறுகின்றன. உலக வல்லரசுகள் இவற்றை எவ்வளவு மதித்தன என்பதை 1914-க்குப் பிந்தைய வரலாறு சொல்லும். நமக்கு வேண்டியது விதியின் உட்கருத்து. சட்டத்தின் பார்வையில் போரிடுபவர் என்பவர் போரை நிறுத்த வேண்டிய இடத்தையும் அறிந்தவர்.

இந்த இடத்தில்தான் நம் பழமொழி போதாமல் போகிறது. வந்த சண்டையா, வலிய இழுத்த சண்டையா என்று அது தொடக்கத்தை மட்டுமே அளக்கிறது. சண்டை எங்கே முடிய வேண்டும் என்பதை அது சொல்லவில்லை.

உளவியலார் இக்குணத்தை ஆராயாமல் விடவில்லை. வில்லியம் மக்டூகல் 1908-இல் எழுதிய சமூக உளவியல் நூலில் சண்டைக்குணத்தை மனிதனின் இயல்பூக்கங்களுள் ஒன்றாக வைத்து, கோபத்தை அதன் உணர்ச்சியாகக் கூறினார். பசிக்கு உணவு போல இவ்வூக்கத்துக்கென்று தனிப்பொருள் எதுவும் இல்லை. வேறு எந்த விருப்பத்துக்குத் தடை வந்தாலும் இது கிளம்பிவிடும் என்பது அவர் கூற்று. தடை நீங்கினால் அது அடங்கிவிட வேண்டுமன்றோ? அடங்காமல் நின்றுவிடுவதே நம் கேள்வி. 1910-இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் வில்லியம் ஜேம்ஸ், இக்குணம் முன்னோர் வழியாக எலும்பிலேயே ஊறிவிட்டது, அதை அழிக்க முயல்வதைவிட இயற்கையோடு போராடும் கடின உழைப்பின்பால் திருப்பிவிடுவதே வழி என்று வாதிட்டார். போர் மனிதனின் பிறவிக்குணம் என்னும் கருத்துக்கு அறிவியலில் ஆதாரம் இல்லை என்று 1986-இல் ஸ்பெயினின் செவில் நகரில் கூடிய அறிஞர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். 1989-இல் யுனெஸ்கோ அதனை ஏற்றது. பிறவியோ பழக்கமோ, தீர்ப்பை அறிஞர்களிடமே விட்டுவிடுவோம். பிறவி என்று நிறுவிவிட்டால் மட்டும் நம் கணக்கு தீர்ந்துவிடப் போவதில்லை.

முஷ்டியையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் வாழ்க்கையில் இக்குணத்தின் இரு முகங்களையும் பார்க்கலாம். அவர் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலி. 1980-இல் அவர் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடியதை நம் வாசகர்களில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் அவருக்கு 'லூயிவில் உதடு' என்று பட்டம் சூட்டியிருந்தன. லூயிவில் அவர் பிறந்த ஊர். கையைவிட வாய் அதிகம் என்பது பட்டத்தின் பொருள்.

1964 பிப்ரவரி 25-ஆம் நாள் சோனி லிஸ்டனை வென்று உலகப் பட்டம் பெற்ற அவர், சில நாட்களுக்குள் காஸியஸ் கிளே என்ற பெயரை விட்டுவிட்டு முஹம்மது அலி ஆனார். பழைய பெயரை அடிமைக் காலத்தின் எச்சமாக அவர் கருதினார். ஆனால் பத்திரிகைகள் பலவும் எதிராளிகள் சிலரும் பழைய பெயரையே விடாமல் வழங்கினர். ஒரு மனிதர் தம் பெயர் இன்னது என்று சொன்ன பிறகு, வேறு பெயரால் அவரை அழைப்பது சிறிய அவமதிப்பன்று. அவர் குரலை உயர்த்தியபோது அவரை வாயாடி என்றார்கள். பெயரைத் தர மறுத்தவர்களுக்கு எந்தப் பட்டமும் கிடைக்கவில்லை.

1967 பிப்ரவரி 6-ஆம் நாள் ஹூஸ்டன் நகரில் எர்னி டெர்ரலுடன் போட்டி. டெர்ரல் அவரைக் கிளே என்றே அழைத்து வந்திருந்தார். பதினைந்து சுற்றுகள் நடந்தன. ஆட்டத்தின் நடுவே, 'என் பெயர் என்ன?' என்று கத்திக் கத்திக் கேட்டபடியே அலி அவரை அடித்தார். டெர்ரலின் கண் வீங்கிச் சிதைந்தது. பார்த்தவர்களில் பலர், வெற்றி உறுதியான பின்னும் வேண்டுமென்றே ஆட்டத்தை நீட்டித் துன்புறுத்தினார் என்று எழுதினார்கள். பெயருக்கான உரிமை முழுக்க அலியின் பக்கம்தான். சண்டையை முதலில் தொட்டவரும் டெர்ரல்தான். பழமொழியின் கணக்கில் இது வந்த சண்டை. ஆனாலும் அந்த இரவை நினைக்கும்போது நம் மனம் அலியின் பக்கம் முழுமையாக நிற்க மறுக்கிறது. உரிமை எங்கோ ஒரு சுற்றில் நிலைநாட்டப்பட்டுவிட்டது; முஷ்டி மட்டும் விரியவில்லை.

மூன்று மாதம் நிறைவதற்குள், ஏப்ரல் 28-ஆம் நாள், அதே ஹூஸ்டன் நகரில் அதே மனிதர் வேறொருவராக நிற்கக் காண்கிறோம். வியட்நாம் போருக்குப் படையில் சேர்க்கும் சடங்கில் பெயரை அழைத்தபோது அவர் அடி எடுத்து வைக்க மறுத்துவிட்டார். அவர் ஒருவரையும் அடிக்கவில்லை. ஓடி ஒளியவும் இல்லை. பட்டம் பறிபோயிற்று. ஐந்து ஆண்டுச் சிறைத் தண்டனையும் பத்தாயிரம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டினால் சிறைக்குப் போக நேரவில்லையாயினும், உடல் வலிமையின் உச்சத்தில் மூன்றரை ஆண்டுகள் மேடை ஏற முடியாமற்போயிற்று. 1971 ஜூன் 28-இல் உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த முடிவால் தண்டனையை நீக்கியது. அமெரிக்காவில் அன்று அவரை நாட்டுப்பற்றற்றவர் என்றும் கோழை என்றும் ஏசியவர்கள் ஏராளம். சண்டையிட்டபோது வாயாடி, சண்டையிட மறுத்தபோது கோழை! ஆனால் அந்த மறுப்புக்கு ஒரு பொருள் இருந்தது, ஓர் எல்லை இருந்தது. தீர்ப்பு வந்ததும் அவர் அரசாங்கத்தோடு பகை வளர்க்கவில்லை. தம் தொழிலைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜோ ஃப்ரேஸியர் விஷயத்தில் அந்த எல்லை காணாமற்போயிற்று. தென் கரோலினாவின் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்த ஃப்ரேஸியர், அலி தடைபட்டிருந்த காலத்தில் அவருக்கு மீண்டும் உரிமம் கிடைக்கப் பரிந்து பேசியவர். பண உதவியும் செய்தவர். 1971 மார்ச் 8-ஆம் நாள் நியூயார்க்கில் அவர்களின் முதல் போட்டி. ஃப்ரேஸியர் வென்றார். அப்போட்டியை ஒட்டி அலி அவரை வெள்ளையருக்கு வால்பிடிப்பவர் என்று இழித்தார். 1975 அக்டோபர் முதல் நாள் மணிலாவில் நடந்த மூன்றாம் போட்டிக்கு முன்போ குரங்கு என்றே ஏசினார். செய்தியாளர் கூட்டத்தில் குரங்குப் பொம்மை ஒன்றை எடுத்துக் குத்திக் காட்டினார். கறுப்பின மக்களின் கண்ணியத்துக்காகத் தம் பட்டத்தையே இழந்தவர், அதே இனத்து மனிதர்மீது அவ்வினத்தின் பகைவர் வழங்கிய வசைச் சொல்லையே வீசினார். மணிலாவில் பதினான்காம் சுற்று முடிந்தபோது ஃப்ரேஸியரின் கண்கள் மூடிப்போக, பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் போட்டியை நிறுத்திவிட்டார். முஷ்டியால் பட்ட காயம் சில வாரங்களில் ஆறியிருக்கும். சொல்லால் பட்ட காயத்தோடு ஃப்ரேஸியர் நெடுங்காலம் வாழ்ந்தார். 1996-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றிலும் அந்தக் கசப்பு தீரவில்லை. 2001-இல் அலி, நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வாயிலாக வருத்தம் தெரிவித்தார். 2011 நவம்பரில் ஃப்ரேஸியர் காலமானபோது, நோயினால் நடுங்கும் உடலோடு ஜனாஸாவுக்கு வந்து நின்றார்.

இவரை மொத்தமாகப் பக்னேஷியஸ் என்று ஒரு சொல்லில் முடிப்பவர் வியட்நாமை மறந்தவர். அச்சொல் அவருக்குப் பொருந்தவே பொருந்தாது என்பவர் மணிலாவை மறந்தவர்.

சினம் மூளும்போது தம்மை ஆள்பவரே வலியவர், மல்லில் பிறரை வீழ்த்துபவர் அல்லர் என்னும் கருத்துடைய நபிமொழி நம் பிள்ளைகளும் அறிந்தது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இதனை வெறும் பொறுமை உபதேசமாகவே நாம் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறோம். அதில் வலிமை மறுக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வலிமை இருக்கும் இடம்தான் மாற்றிக் காட்டப்படுகிறது. மௌலானா ரூமி மஸ்னவியின் முதற் பாகத்தில் ஹஸரத் அலி (ரலி) அவர்களைப் பற்றி ஒரு கதை கூறுகிறார். போர்க்களத்தில் எதிரியை வீழ்த்தி வாளை ஓங்கிய நேரத்தில், கீழே கிடந்தவன் அவர்கள் முகத்தில் உமிழ்ந்துவிடுகிறான். உடனே அவர்கள் வாளை எறிந்துவிடுகிறார்கள். வியந்து காரணம் கேட்டவனிடம், அதுவரை இறைவனுக்காகப் போரிட்டதாகவும் அந்தக் கணத்தில் தம்முடைய சொந்தக் கோபம் அதில் கலக்கப் பார்த்ததாகவும் சொல்கிறார்கள். கதையின் வரலாற்று ஆதாரத்தை ஆலிம்கள் ஆராயட்டும். முதலில் ஏந்திய வாளும் உமிழ்நீர் பட்டபின் ஏந்தப்படவிருந்த வாளும் ஒரே வாள், எதிரியும் ஒருவனே. ஆனாலும் அவை இரண்டு சண்டைகள். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு எங்கே விழுகிறது என்பதை ரூமியைப் போல நுட்பமாகக் காட்டியவர் அரியர்.

இனி, இச்சொல்லின் மறுபக்கத்துக்கு வருவோம். நியாயம் கேட்பவரை வாயடைக்க இதைவிட மலிவான கருவி வேறில்லை. திருமறையின் 58-ஆம் அத்தியாயத்துக்கு 'முஜாதலா' என்று பெயர். வழக்காடுதல் என்பது பொருள். கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) என்னும் அம்மையாரை ஒட்டி அருளப்பட்டது அது. அவர் கணவர் அவ்ஸ் (ரலி) கோபத்தில், நீ எனக்கு என் தாயின் முதுகைப் போன்றவள் என்று சொல்லிவிட்டார். அறியாமைக் கால வழக்கப்படி அத்துடன் மணவாழ்வு முறிந்தது. இளமையையும் பிள்ளைகளையும் அவருக்கே கொடுத்துவிட்டு முதுமையில் நிற்கும் அம்மையார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். சாதகமான விடை கிடைக்கவில்லை. அவர் எழுந்து போய்விடவில்லை. மீண்டும் மீண்டும் வாதாடினார். அவர் வாதம் கேட்கப்பட்டதென்ற அறிவிப்புடன் வஹீ இறங்கிற்று. ஓர் அடிமையை விடுவித்தல், இயலாவிடில் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்றல், அதுவும் இயலாவிடில் அறுபது ஏழைகளுக்கு உணவளித்தல் என்று பரிகாரம் விதிக்கப்பட்டு அந்தப் பழைய வழக்கம் ஒழிந்தது. தீர்ப்பு கிடைத்ததும் அம்மையார் என்ன செய்தார்? கணவரைப் பழிவாங்கவில்லை. பரிகாரத்துக்கான பேரீச்சம்பழத்தில் ஒரு பகுதியைத் தாமே கொடுத்து உதவியதாக அறிவிப்புகள் கூறுகின்றன. பிற்காலத்தில் கலீபா உமர் (ரலி) அவர்களை வழியில் நிறுத்தி இவர் நெடுநேரம் அறிவுரை சொன்னதும், உடனிருந்தவர்கள் முகம் சுளித்தபோது, இறைவனே செவிசாய்த்த பெண்மணிக்கு உமர் செவிசாய்க்காமல் போவதா என்ற கருத்தில் அவர்கள் பதிலளித்ததும் தஃப்ஸீர் நூல்களில் இருக்கின்றன.

நம் இல்லங்களுக்குள் வந்து பார்ப்போம். வாப்பா மௌத்தாகி ஆண்டுகள் பல ஆகின்றன. பெண்மக்களுக்கு உரிய பங்கை அந்நிஸா அத்தியாயம் நிர்ணயித்து வைத்திருக்கிறது. வீடும் தோப்பும் சகோதரர்கள் கையில். 'அவளுக்கென்ன குறை, மாப்பிள்ளை நன்றாகச் சம்பாதிக்கிறார்' என்று பேச்சு. பெருநாளுக்குச் சேலை வருகிறது, பிள்ளைகளின் நிகாஹுக்கு நகை வருகிறது, பங்கு வருவதில்லை. ஒருநாள் அவள் வாய்திறந்து கேட்டுவிடுகிறாள். அன்று முதல் அவள் சண்டைக்காரி. உறவினர் வீட்டு விசேஷங்களில் அவள் நுழைந்ததும் குரல்கள் தாழ்கின்றன. கேட்டது நியாயமா என்று எவரும் பேசுவதில்லை. கேட்ட விதம் பற்றியே பேச்சு நடக்கிறது.

கேட்ட விதமும் சில வேளை பிழையாகிவிடுவதுண்டு. பங்கு கைக்கு வந்து பத்து ஆண்டுகள் கழித்தும் அண்ணன் மனைவியோடு முகம் கொடுத்துப் பேசாத தங்கையரையும் நாம் கண்டிருக்கிறோம். மணிலாவில் நடந்தது அடுப்படியிலும் நடக்கும்.

ஆனால் அந்த அண்ணனையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பள்ளிவாசலில் முதல் வரிசையில் இருப்பவர். எவரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். ஸலாம் சொல்ல முந்திக்கொள்பவர். தங்கையின் நோட்டீசுக்கு வக்கீல் மூலம் பணிவாகவே பதில் அனுப்பினார். ஜமாஅத்தார் அழைத்தபோது, அடுத்த மாதம் பேசலாம் என்று புன்னகையோடு எழுந்தார். வழக்கு கீழ்க்கோர்ட்டில் தோற்றதும் மேல்கோர்ட்டுக்குப் போனார். அங்கும் தோற்ற பிறகு, நிறைவேற்று மனுவுக்குத் தடை கேட்டார். தோப்பின் விலையில் பாதி கட்டணமாகப் போய்விட்டது. அவர் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. சண்டைக்காரர் என்று அவரை இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.